நூறு படிவமும் ஒரு பூஜ்யமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்குக் கையில் ஒரு கட்டு தாளோடு வந்தாள். "டீச்சர், இந்த திட்ட விலக்கம்னா என்னன்னு ஒரு தடவை சொல்லிக் குடுங்களேன். நாளைக்கு வைவா. ஃபார்முலா தெரியுது, ஆனா எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல" என்றாள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், பல்கலைக்கழகம் போனதில்லை. ஆனால் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்க்கத் தெரியவேண்டுமே, அதற்காக.

அதையே அவளுக்கும் சொன்னேன். "ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் 45க்கும் 55க்கும் நடுவில் எடுக்கிறார்கள். இன்னொரு வகுப்பில் பாதிப் பேர் 90, பாதிப் பேர் 10. இரண்டு வகுப்புக்கும் சராசரி 50. ஆனால் இரண்டுக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்த முடியுமா? முடியாது. சராசரியிலிருந்து பிள்ளைகள் எவ்வளவு தூரம் விலகி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்வதுதான் திட்ட விலக்கம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "இவ்ளோதானா டீச்சர்!" என்றாள்.

அப்புறம் அவள் கொண்டுவந்த அட்டவணையைப் பார்த்தேன். பெண்களின் வேலையும் வீட்டுப் பொறுப்பும் பற்றிய ஆய்வு. 100 பேரிடம் கேட்டதாகக் கணக்கு. எல்லாப் பதிலும் அழகாக நடுவில் வந்து உட்கார்ந்திருந்தன. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது உறுத்தியது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய தாள்கள்தான் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

"எந்தெந்தத் தெருவுக்குப் போனீங்க கண்ணு?"

சிரித்தாள். "நாப்பது பேர் கூகுள் ஃபார்ம்ல போட்டாங்க டீச்சர். மீதிய... நாங்களே ஃபில் பண்ணிட்டோம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

திட்ட வாயைத் திறந்தேன். திட்டவில்லை. காரணம், என்னிடமும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் கடைசி. ஒவ்வொரு மே மாதமும் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். எனக்கு ஒதுக்கிய பகுதியில் மலையடிவாரமும் சேர்ந்தது. திரிசூலம் பக்கம் கல்குவாரிகள் மும்முரமாக ஓடிய காலம். அங்கே கல் உடைக்கும் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அன்றைக்குத் தாங்க முடியாத வெயில். மலையடிக்குப் போகும் பாதை முனையில் ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் கேட்டேன். "அங்க பசங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போவுதுங்க டீச்சர்" என்றார். நான் அங்கேயே நின்று படிவத்தை முடித்தேன். பள்ளி செல்லாதோர் எண்ணிக்கை: 0.

இரண்டு மாதம் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். ஒன்பது வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஜல்லிக் குவியல் பக்கத்தில் நிற்கிறாள். "எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அவளைப் போல அங்கே இன்னும் சில பேர் இருந்தார்கள். அடுத்த வாரம் சேர்க்கைப் படிவத்தோடு போனேன். அதற்குள் அந்தக் குடும்பம் வேறு குவாரிக்குப் போய்விட்டது.

என் பூஜ்யம் ஒன்றியத்துக்குப் போய், மாவட்டத்துக்குப் போய், எங்கேயோ ஒரு பெரிய அட்டவணையில் கூட்டப்பட்டிருக்கும். அந்த அட்டவணைக்குச் சராசரி போட்டிருப்பார்கள், சதவீதம் போட்டிருப்பார்கள். கணக்கில் ஒரு தப்பும் இருந்திருக்காது. அந்தப் பிள்ளை மட்டும் அதில் இல்லை. கணக்கில் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம் இல்லை, சத்துணவு இல்லை, தேடி வரும் ஆசிரியரும் இல்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. சமூகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளியியலைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது என் கருத்து. முதலில் சூத்திரம், பிறகு கணினி, கடைசியில் அவசர அவசரமாகப் படிவம். இது மாறவேண்டும். முதல் பாடம் வாசற்படியில் தொடங்க வேண்டும். யாரை எண்ணினோம், யாரை விட்டோம், என்ன கேட்டோம் என்பதுதான் அடிப்படை. மற்றதெல்லாம் அதற்கு மேல் கட்டும் மாடி.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்கிறோம். மாதிரி எடுப்பது பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழமொழி பலிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. ஊர் அப்படியா? ஒரு பக்கம் அடுக்குமாடி, ஒரு பக்கம் ரயில்வே ஓரம், ஒரு பக்கம் மலையடி. மேலாக்கில் நாலு பருக்கை எடுத்துப் பார்த்து அடியில் வெந்ததா என்று சொல்ல முடியாது.

எங்கள் பல்லாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நின்று 100 பேரைக் கேட்டால் அது பல்லாவரத்தின் கருத்தா? பழைய ஃபேன், பழைய நாற்காலி வாங்கச் சென்னையின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் குழுவில் இருப்பவர்கள் மட்டும், அதிலும் பதில் போட நேரமும் மனசும் உள்ளவர்கள் மட்டும். எதிர்வீட்டுப் பெண்ணின் கூகுள் ஃபார்ம் அவளுடைய தோழிகளின் கருத்து. தமிழ்நாட்டுப் பெண்களின் கருத்து ஆகாது.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வேன். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்குத் தபாலில் வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்பவர்கள் பட்டியல் போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்திருந்தார்கள். அது பொருளாதார மந்தக் காலம். போனும் காரும் இல்லாத ஏழைகள் பட்டியலிலேயே இல்லை. பதில் அனுப்பியவர்களும் ஒரு சாரார்தான். அதே தேர்தலை அவர்களைவிட மிகக் குறைவான பேரை வைத்து காலப் சரியாகச் சொன்னார்.

மாறாக, சீட்டுக் குலுக்கிப் போட்டது போல எல்லாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து எடுத்தால் 400 பேர் போதும், சதவீதம் சுமார் 5 புள்ளி முன்னே பின்னே இருக்கும். அந்தப் பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் 800 போதாது, 1,600 பேர் வேண்டும். ஊர் பெரிதா சிறிதா என்பது இதில் அவ்வளவாக மாற்றம் செய்யாது. சாம்பார் அண்டா பெரிதோ சிறிதோ, நன்றாகக் கலக்கியிருந்தால் உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும் அல்லவா? அதே கதைதான்.

அடுத்தது கேள்வி. 2001இலும் 2011இலும் நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவள். வயதைக் கேட்டால் "ஒரு அம்பது போட்டுக்கோ டீச்சர்" என்பார்கள். அதனால்தான் நம் நாட்டுக் கணக்கெடுப்பில் 40, 45, 50 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் கூட்டம் சேரும். "எம்.ஜி.ஆர். இறந்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? பெரிய பையன் பொறந்துட்டானா?" என்று கேட்டால் வயது தானாக வரும். 1987 டிசம்பர் என்று நமக்குத் தெரியும், மீதியைக் கழித்துக்கொள்ளலாம்.

பெண்களிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் "இல்ல டீச்சர், வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்பார்கள். அதைச் சொல்லும்போதே கை பூக் கட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கிரைண்டரில் விற்பனைக்கு இட்லி மாவு ஓடும். தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கை கிடக்கும். "சும்மா இருக்கேன்" என்று எழுதிக்கொண்டு வந்தால் அந்தப் பெண்ணின் உழைப்பு நாட்டின் கணக்கிலிருந்தே காணாமல் போகும். இது தெரிந்துதான் 1991 கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாமல் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்யும் வேலையும் வேலைதான் என்று கேள்வியிலேயே சேர்த்தார்கள். அதிலும் எண்ணுபவர் பொறுமையாகக் கேட்டால்தான் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகுதான் சூத்திரம். ஒரு சந்தில் 10 வீடு. 9 வீட்டில் மாத வருமானம் 15,000. கடைசியில் மாடி வீட்டுக்காரருக்கு 3,15,000. சராசரி 45,000. அந்தச் சந்தில் 45,000 வாங்குபவர் ஒருவர்கூட இல்லை! வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால் 15,000 என்பார். அதுதான் இடைநிலை அளவு. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பது கணக்கு அல்ல, நேர்மை.

இன்னொன்று. கேன் தண்ணீர் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று ஒரு ஆய்வில் வந்தால், தண்ணீரா படிக்க வைத்தது? கேன் வாங்கும் வீட்டில் கையில் காசு இருக்கிறது. டியூஷன் இருக்கிறது. குழாயடியில் பிள்ளை நிற்கவேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து போவது வேறு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்பது வேறு. இதைத் தெருவில் நடந்தவர் சுலபமாகப் பிடித்துவிடுவார். திரையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

பி மதிப்பு என்று ஒன்றைப் பிள்ளைகள் மந்திரம் போலச் சொல்கிறார்கள். தொடர்பே இல்லாத இடத்தில் வெறும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். அவ்வளவுதான். படிவத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினீர்களா, வாசலில் நின்று நிரப்பினீர்களா என்று எந்தச் சூத்திரமும் கண்டுபிடித்துச் சொல்லாது. பொய்யான எண்ணுக்கும் அழகான பி மதிப்பு வரும்.

"சமூகவியல் மனிதர்களைப் பற்றியது, எண்களில் என்ன இருக்கிறது, கதை கேட்டால் போதாதா?" என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கதை கேட்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணாமல் விட்டால் ஏமாறுவோம். 1991இல் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 1,000 ஆண்களுக்கு 948 பெண்கள். கேட்டால் பரவாயில்லை போலத் தோன்றும். அதையே மாவட்டவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது சேலத்தில் 849. அந்த எண் கண்ணில் குத்தியது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. ஊர் ஊராகக் கதைகள் முன்பும் இருந்தன. 'எங்கோ ஒன்றிரண்டு' என்று யாரும் தள்ளிவிட முடியாமல் செய்தது எண்.

இதில் நமக்கு ஒரு நல்ல பரம்பரையும் இருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பேராசிரியர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியர் அவர்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் கிராமத்தை எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிள்ளைகள் எழுதி வந்தார்கள். 1918இல் அது புத்தகமாக வந்தது. பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் இருவரும் அதே கிராமங்களின் மறு ஆய்வை 1940இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு கிராமம் விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு. அங்கே 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் மறுபடி போனார்கள். நிலமும் கூலியும் சாதி உறவும் 90 வருஷத்தில் எப்படி மாறின என்று ஒப்பிட்டு எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1916இல் அந்த மாணவர் "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தால்? 90 வருஷம் கழித்து ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. அவரிடம் கணினி இல்லை, சூத்திரமும் அதிகம் தெரிந்திருக்காது. கிராமத்தில் நடந்து கேட்டு எழுதினார். அதுதான் நின்றது.

அமெரிக்காவில் டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஒரு வட்டாரத்திலேயே குடியிருந்து, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தானே படியேறிக் கேட்டு, 1899இல் புத்தகம் எழுதினார். கறுப்பர்களின் வறுமைக்கு அவர்கள் குணமே காரணம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், வேலை மறுப்பும் வாடகைக் கொள்ளையும் எப்படி வேலை செய்கின்றன என்று அட்டவணை போட்டுக் காட்டினார். எண்கள் எளியவர்களுக்காகவும் பேசும். நாம் ஒழுங்காக எண்ணினால்.

சரி, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். "வைவாவைத் தள்ளிப் போடக் கேள். உன் கைடிடம் உள்ளதைச் சொல்" என்றேன். பயந்தாள், ஆனால் சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். முழங்கால் வலியோடுதான்.

பக்கத்துத் தெருவில் முதலில் வீடுகளைப் பட்டியல் போட்டோம். பின்பக்கம் ஓட்டு வீடுகள், மாடியில் ஒற்றை அறைக் குடித்தனம் எல்லாம் சேர்த்து 62. சீட்டுக் குலுக்கினோம், 2 வந்தது. இரண்டாவது வீட்டில் தொடங்கி மூன்று மூன்றாகப் போனால் 21 வீடு. பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்று மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பூட்டிய வீடுதான் வேலைக்குப் போகும் பெண்ணின் வீடாக இருக்கும்! சாயங்காலம், ராத்திரி என்று மறுபடி போனோம். கடைசியில் 19 பேர் பதில் சொன்னார்கள். இரண்டு வீடு கிடைக்கவில்லை. அதையும் எழுது என்றேன்.

"வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டதற்கு 6 பேர் ஆம் என்றார்கள். "வீட்டுல இருந்தே கையில காசு வர்ற மாதிரி ஏதாவது செய்றீங்களா?" என்று கேட்டதும் அது 11 ஆனது. அவள் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர், நாங்க வீட்டுல உக்காந்து ஃபில் பண்ணப்போ ஒருத்திகூட மாவு அரைக்கல" என்றாள்.

21 வீட்டை வைத்துப் பல்லாவரத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. 2011 கணக்கிலேயே இந்த ஊர் 2 லட்சத்து 15 ஆயிரம் பேர். அதையும் அவள் அறிக்கையில் எழுதினாள். அந்தத் தெருவைப் பற்றி மட்டும், இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது என்று எழுதினாள். மதிப்பெண் குறைந்திருக்கலாம். ஆனால் வைவாவில் கேட்ட எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லையாம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கஷ்டம் தெரியும். ஒரு கைடுக்குப் பத்து இருபது பிள்ளைகள், பாடத்திட்டம் முடிக்க வேண்டும், 100 படிவம் என்று மேலிருந்து விதி. ஆனாலும் கேட்கிறேன். 100 பொய்க்குப் பதில் 20 உண்மை போதும் என்று சொல்லுங்கள். எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன், எந்தெந்த வீடு பூட்டியிருந்தது என்று கேளுங்கள். போனவர்களுக்குப் பதில் தெரியும், போகாதவர்களுக்குத் தெரியாது. சூத்திரங்களைத் தமிழிலும் ஒருமுறை சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பயந்த பிள்ளை தமிழில் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்கிறது, நான் பார்த்தேன்.

உங்கள் எல்லாருக்கும் இன்னொன்று. 2021இல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்து 2025 ஜூனில் அறிவித்தார்கள். இந்த முறை சாதியும் கேட்பார்கள், கைபேசியிலேயே பதிவு செய்வார்கள். உங்கள் வாசலுக்கு ஓர் ஆசிரியை வெயிலில் வந்து நின்றால், "எல்லாம் ஆதார்ல இருக்கே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். தனி ஆளின் விவரத்தை வெளியில் கொடுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாடியில் குடியிருக்கும் வடக்கத்திப் பையன்களையும், பின்பக்கம் ஒற்றை அறையில் இருக்கும் பாட்டியையும் காட்டிக் கொடுங்கள். அவர்களைத்தான் எங்களைப் போன்றவர்கள் விட்டுவிடுவோம்.

கணக்கெடுப்புக்குப் போகப்போகும் இளம் ஆசிரியர்கள் இதைப் படித்தால், பாதை முனை டீக்கடையில் டீ மட்டும் குடியுங்கள். கணக்கை மேலே போய் எழுதுங்கள். அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவள் பெயரை அன்றைக்கு நான் கேட்கக்கூட இல்லை.

கணக்கெடுப்புக்குப் போன அனுபவம் உள்ள ஆசிரியர்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள். நல்லதும் சரி, என்னுடையது மாதிரியானதும் சரி.